எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னேன்

போன வாரம், என்னிடம் பிரசவ வைத்தியம் பழகிய உங்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். பெயர் வேண்டாம். "மேடம், ட்வின்ஸ். அஞ்சாம் மாசம். கர்ப்பப்பை வாய் குட்டையாயிட்டே வருது. மருந்து ஆரம்பிச்சுட்டேன். கூடவே ஃபுல் பெட் ரெஸ்ட்னு சொல்லிடட்டுமா? சொன்னா ஒண்ணும் தப்பில்லையே?" என்று கேட்டாள். நான் பாண்டி பஜாரில் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். "இங்கே ஒரே சத்தம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். சத்தம் அப்படி ஒன்றும் இல்லை. சொன்னால் தப்பில்லையே என்ற கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் அவளுக்கும் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

மருந்து, ஸ்கேன், தையல் இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ரிட்டயர் ஆன பிறகு வந்த கருவிகளின் பெயர்கூட எனக்கு வாயில் நுழையாது. நான் பேசப் போவது நாம் வாயால் செய்கிற வைத்தியத்தைப் பற்றி. அதற்கு எந்தப் பரீட்சையிலும் மார்க் கிடையாது. அதனால் அதை யாரும் ஒழுங்காகப் படிப்பதும் கிடையாது.

நான் பயிற்சிக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பிரசவ வார்டில் சில கட்டில்களின் கால்மாட்டுக்கு அடியில் செங்கல் வைத்திருப்பார்கள். கர்ப்பப்பையின் வாய் ஒரு சுருக்குப் பை மாதிரிதான். பிரசவ நேரம் வரை கயிறு இறுகியே இருக்க வேண்டும். சிலருக்கு ஐந்தாம் மாதத்திலேயே, ஒரு வலியும் இல்லாமல், நெகிழ்ந்துவிடும். உள்ளே இரண்டு பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்டவர்களைக் கால் பக்கம் மேலே, தலை பக்கம் கீழே இருக்கும்படி வாரக்கணக்கில் படுக்க வைப்பார்கள். குடித்த கஞ்சி தொண்டைக்குத் திரும்பி வரும். அழுவார்கள். எங்கள் பெரிய டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தால் பேஷண்ட் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் செங்கல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

அவர் கைராசி அப்படி. சிக்கலான பிரசவம் எதுவானாலும் அந்த அம்மாள் உள்ளே வந்தால் எங்களுக்கு மூச்சு வரும். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "மேடம், இந்தச் செங்கல் வெச்சா நெஜமாவே பிள்ளை நிக்குதா?"

"நிக்குதோ இல்லையோ, நாம ஏதோ செஞ்சோம்னு அவங்களுக்கு ஒரு ஆறுதல். நமக்கும்தான்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன். பெரியவர்கள் சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும் என்பதுதானே அப்போதைய பாடத்திட்டம்!

செங்கல் போயிற்று. படுக்கை போகவில்லை. படுத்தே கிடந்தால் குறைப்பிரசவம் நிற்பதில்லை என்று பிறகு நாம் எல்லோரும் படித்தோம். காலில் ரத்தம் உறையலாம், உடம்பு வற்றும், மனசு கெட்டுப் போகும் என்பதையும் படித்தோம். படித்ததைக் கூட்டங்களில் எழுந்து நின்று சொல்லவும் சொன்னோம். அடுத்த நாள் ஓ.பி.யில் எதிரே ஒரு கர்ப்பிணி உட்கார்ந்தவுடன் "ரெஸ்ட் எடும்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

ஸ்டெல்லா சாந்தோம் பக்கத்துப் பெண். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஊசி, மாத்திரை, கோயில், குளம் எல்லாம் பார்த்த பிறகு, இரட்டைப் பிள்ளையாகத் தரித்திருந்தாள். அவளோடு எப்போதும் வருகிறவர் மாமியார் லூர்து டீச்சர். அவரும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கிற நிற்பு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. என் அறையில் நாற்காலி இருந்தாலும் நின்றுகொண்டுதான் கேட்பார். மருமகளை அவர் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கொடுமைக்கார மாமியார் என்று நீங்கள் யாரும் மனசில் படம் போட்டுவிடக் கூடாது. தங்கமான மனுஷி.

ஐந்தாம் மாத ஸ்கேனில் கர்ப்பப்பை வாய் குட்டையாகியிருந்தது. உள்ளே வைக்கும் மருந்தை எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் மறுபடி வரச் சொன்னேன். அதற்கு மேல் அன்றைக்குச் செய்ய ஒன்றும் இல்லை. டீச்சர் நகரவில்லை.

"அவ்வளவுதானா டாக்டர்? வேற ஒண்ணும் செய்ய வேணாமா? எத்தனை வருஷம் கழிச்சுக் கெடைச்ச பிள்ளைங்க..."

இந்த இடத்தில்தான் சறுக்குகிறோம். "இப்போதைக்கு இவ்வளவுதான் டீச்சர். அடிவயிறு கனமா இருந்தா, முதுகு புதுசா வலிச்சா, தண்ணி மாதிரி பட்டா உடனே வாங்க" என்று சொல்லியிருந்தால் போதும். அது உபயோகமான பேச்சு. ஆனால் அந்த அம்மாள் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். வெறுங்கையை நீட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ரெஸ்ட்" என்றேன். "முழு ரெஸ்ட். பாத்ரூமுக்குத் தவிர எழுந்திருக்கவே கூடாது."

டீச்சர் முகம் உடனே தெளிந்துவிட்டது. "அதை என்கிட்ட விட்டுடுங்க டாக்டர்" என்று சொல்லி மருமகளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். எனக்கும் ஏதோ பெரிய வைத்தியம் செய்துவிட்ட திருப்தி. கஷ்டகாலம்!

வீட்டில் கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டார்களாம். சாப்பாடு கட்டிலில், தலை வாருவது கட்டிலில், ஜெபமாலை கட்டிலில். ஸ்டெல்லாவின் புருஷன் அருள் ஒருநாள் மருந்து விஷயமாகப் போன் செய்தபோது, "டாக்டர், எங்கம்மா அவளைத் தும்மக்கூட விட மாட்டேங்கறாங்க. தும்முனா டாக்டர்கிட்ட சொல்லிடுவேன்னு மெரட்டுறாங்க" என்றான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். மறு ஸ்கேனில் அளவு கொஞ்சம்தான் குறைந்திருந்தது. மருந்தைத் தொடரச் சொன்னேன். ரெஸ்ட்டையும்தான்.

அடுத்த வாரத்தில் ஒரு காலை ஓ.பி. நேரத்தில் அருள் அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு நேராக என் அறைக்குள் வந்துவிட்டான். பின்னாலேயே டீச்சர்.

"கீழே ஏதோ அடைச்சுக்கிட்ட மாதிரி இருக்கு டாக்டர். வலியெல்லாம் இல்லை" என்றாள் ஸ்டெல்லா.

பரிசோதித்தேன். வாய் திறந்திருந்தது. பனிக்குடம் எட்டிப் பார்த்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சீழ் இல்லை. பிள்ளைகள் இரண்டும் உள்ளே துள்ளிக்கொண்டிருந்தன. அப்போது பிறந்தால் இரண்டுமே பிழைக்காது. அவ்வளவு சின்னது.

வாயைத் தையல் போட்டு இறுக்கலாம். இரட்டைப் பிள்ளைக்கு வாய் குட்டையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நாம் தையல் போடுவதில்லை. திறந்தே விட்டால் அது வேறு கதை. ஊசி நுழையும்போது பனிக்குடம் உடைந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்தது. போடாமல் விட்டால் இன்றைக்கோ நாளைக்கோ தானாக முடியும். நண்பர்கள் இருவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒருவர் போடு என்றார், ஒருவர் தொடாதே என்றார். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். இப்படி இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள் நிற்கும்போது கேட்க வேண்டிய ஆள் படுத்துக்கொண்டிருக்கிறவள்தான். டீச்சரையும் அருளையும் வெளியே இருக்கச் சொன்னேன்.

விஷயத்தைச் சொன்னேன். ஸ்டெல்லா அழவில்லை.

"ப்ராபபிலிட்டி சொல்லுங்க டாக்டர்."

"நம்பர் சொல்ற அளவுக்கு எனக்குத் தெரியாதும்மா. போட்டா நாள் கெடைக்கலாம். போடும்போதே உடையவும் உடையலாம்."

"நாள் கெடைச்சா?"

"ஒவ்வொரு நாளும் லாபம்தான்."

"அப்போ போட்டுடுங்க" என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, "எனக்குத் தெரியும் டாக்டர், ஏன் இப்படி ஆச்சுன்னு" என்றாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. தியேட்டருக்குச் சொல்ல வேண்டும், மயக்க மருந்து டாக்டரைப் பிடிக்க வேண்டும் என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் ஒரு நிமிஷம் நின்றிருக்க வேண்டும்.

தையல் நின்றது. என் ஆயுளில் அவ்வளவு பயந்து ஊசி பிடித்ததில்லை. இரண்டு நாள் கழித்து, ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கும்போதே, குறைமாதப் பிள்ளைகளுக்கான வசதி உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளை மாற்றிவிட்டேன். எங்கள் மயிலாப்பூர் நர்சிங் ஹோமில் அந்த வசதி கிடையாது. "நல்லாத்தானே இருக்கா, இங்கேயே இருக்கட்டுமே" என்று என் முதலாளி முனகினார். பிறந்த பிறகு அந்தத் துளிகளைத் தூக்கிக்கொண்டு தேனாம்பேட்டை சிக்னலில் நிற்பதா? அம்மா வயிற்றில் வைத்துக் கொண்டுபோவதுதான் புத்தி. இதில் மட்டும் நான் செய்தது சரி, இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன்.

மூன்று வாரத்துக்கு மேல் கிடைத்தது. பிள்ளைகளின் நுரையீரல் சீக்கிரம் முதிர்வதற்கான ஊசியும் போட நேரம் இருந்தது. பிறகு வலி வந்துவிட்டது, தையலை வெட்ட வேண்டியதாயிற்று. பெண் ஒன்று, ஆண் ஒன்று. பெண் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் கொடுத்தாள். பையன் அதுவும் இல்லை. இரண்டு நாள் இருந்தான். பிழைக்க மாட்டான் என்று தெரிந்ததும் லூர்து டீச்சரே உள்ளே போய், விரலால் தண்ணீர் தொட்டு அவன் நெற்றியில் விட்டு, அந்தோணி என்று பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்தாராம். அந்த வார்டு நர்ஸ் என்னிடம் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் பார்க்கப் போனேன். டீச்சர் ஸ்டெல்லாவின் பின்னால் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கண் வீங்கியிருந்தது.

"நான் இவளைக் குத்தம் சொல்லலை டாக்டர். பெத்தவளுக்கு இல்லாத வேதனையா எனக்கு? ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. நீங்க அன்னைக்கே சொன்னீங்க, எழுந்திருக்கக் கூடாதுன்னு. கேட்டிருந்தா பையன் இருந்திருப்பான் இல்ல?"

"என்ன டீச்சர் சொல்றீங்க?"

ஸ்டெல்லாதான் பதில் சொன்னாள். "தேர் பின்னாடி போனேன் டாக்டர்."

பிள்ளை தரித்தால் மாதா தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்து வருவதாக மாமியாரும் மருமகளுமாகச் சேர்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் படுக்கச் சொன்னதும், "மாதா காத்திருப்பா பாப்பா, அடுத்த வருஷம் பிள்ளைங்களோட நடப்போம்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். திருவிழா அன்றைக்கு மாலை டீச்சர் கோயிலில் பாட்டுக் குழுவோடு இருந்தார். தேர் இவர்கள் தெருவுக்குள் வந்தது. ஜன்னல் வழியாகக் கொட்டுச் சத்தம் கேட்கிறது. கேட்டதைக் கொடுத்த பிறகு படுத்துக்கொண்டே பார்ப்பதா என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. எழுந்து போய்த் தெருக்கோடி வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். இரண்டு நாளில் என்னிடம் வந்தாள்.

கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஸ்டெல்லா, தேருக்கு முன்னாடியே உனக்கு ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா? முதுகு, அடிவயிறு?"

"முதுகு வலிச்சுது. படுத்தே கெடக்கறோமே, அதனாலன்னு நெனச்சேன். அதுக்கெல்லாம் உங்களைத் தொந்தரவு பண்ணலாமான்னு விட்டுட்டேன்."

கேட்டீர்களா? வாய் திறப்பதற்கு உடம்பு கொடுத்த ஒரே அடையாளத்தை நான் சொன்ன ரெஸ்ட் மூடி மறைத்துவிட்டது. நடந்துகொண்டிருந்த பெண்ணாக இருந்தால் புதிதாக ஒரு முதுகுவலி வந்ததும் என்னவோ என்று வந்திருப்பாள்.

"டீச்சர், நீங்களும் கேளுங்க" என்றேன். "அது தேர் வர்றதுக்கு முன்னாடியே நெகிழ ஆரம்பிச்சாச்சு. தெருக்கோடி வரைக்கும் நடந்ததால ஒண்ணும் ஆகல. படுத்தே கெடந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். படுக்கறதால குறைப்பிரசவம் நிக்காது. இது சத்தியம்."

டீச்சர் சீப்பைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். "அப்போ எதுக்கு டாக்டர் எழுந்திருக்கவே கூடாதுன்னு சொன்னீங்க?"

எத்தனை பரீட்சையில் எத்தனை பேராசிரியர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்! இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. "எங்க கையில அதிகமா ஒண்ணும் இல்ல டீச்சர். நீங்க கேட்டீங்க. ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேன்" என்றேன்.

டீச்சர், "சரி டாக்டர். இனிமே அதைப் பத்திப் பேச மாட்டேன்" என்றார். உட்கார்ந்து பின்னலை முடித்தார். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஒரு முள்ளை எடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது, வெட்கக்கேடு.

பெண் குழந்தை பிழைத்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு, சுண்டெலி சைஸில் வீட்டுக்குப் போனாள். ஆக்னஸ் என்று பெயர் வைத்தார்கள். சில வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும். நான் வேலையை விட்டு அடையாறுக்குக் குடிபோன பிறகு தொடர்பு விட்டுப் போயிற்று.

இந்த வருஷம் தி.நகரில் ஒரு துணிக்கடையில் லிஃப்டுக்குப் பெரிய வரிசை. படியில் ஏறிக்கொண்டிருந்தேன். "டாக்டர்!" என்று யாரோ என் தோளைத் தொட்டார்கள். ஸ்டெல்லா. காதோரம் நரைத்திருந்தது. கூட ஒரு பெண், பல்லு விழுந்த வாய், நிற்க மாட்டாமல் படிக்குப் படி தாவிக்கொண்டிருந்தாள்.

"ஆக்னஸ், இவங்கதான் நீ வயித்துல இருந்தப்போ பார்த்த டாக்டர். வணக்கம் சொல்லு." அந்தப் பெண் ஒரு வணக்கத்தை வீசிவிட்டு மேலே ஓடினாள். கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அவளுக்கு வெள்ளை கவுன் வாங்க வந்திருக்கிறார்களாம்.

"டீச்சர் எப்படி இருக்காங்க?"

"போன வருஷம் தவறிட்டாங்க டாக்டர். தூக்கத்துலயே. கடைசி வரைக்கும் அந்தோணியைப் பத்தி என்னை ஒரு வார்த்தை சொல்லலை. அது உங்களாலதான்." படியில் ஏறுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "அன்னைக்கு அத்தை முன்னாடி எனக்காகப் பழியை உங்க மேல போட்டுக்கிட்டு ஒரு பொய் சொன்னீங்களே... எந்த டாக்டர் சொல்லுவாங்க? நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

எனக்கு முதலில் புரியவே இல்லை.

"பொய்யா? ஐயோ, பொய் இல்லம்மா. நெஜத்தைத்தான் சொன்னேன். நீ நடந்ததால ஒண்ணும் ஆகல ஸ்டெல்லா."

சிரித்தாள். வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி, ரொம்ப அன்பாக. "சரி டாக்டர்" என்றாள். "நீங்க இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு கஷ்டப்படாதீங்க. எனக்கு இப்போ பரவாயில்ல. ஒவ்வொரு தவக்காலத்துலயும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடறேன். என் பையனை நான்தான் கொன்னேன்னு. ஃபாதர் மன்னிப்பு கொடுக்கறார்."

"ஸ்டெல்லா, நான் சொல்றதைக் கேளு..." என்று அவள் கையைப் பிடித்தேன். கேட்டாள், பாவம். நான் அந்தப் படியிலேயே நின்று, முதுகுவலியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். முடித்ததும் என் கன்னத்தைத் தடவி, "உங்களுக்கு எவ்ளோ நல்ல மனசு டாக்டர்" என்றாள்.

மேலேயிருந்து மகள் கூப்பிட்டாள். "வரேன்டி, ஓடாதே" என்று சொல்லிக்கொண்டே ஏறிப் போய்விட்டாள். நான் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரப் பெண் ஒருத்தி ஓடிவந்து, "இன்னாம்மா, தலை சுத்துதா? தண்ணி கொண்டாரட்டா?" என்று கேட்டாள். அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.